சிங்கப்பூரில் மதுரை நேரம்: சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

சின்னப் பிள்ளைகளோடு சிங்கப்பூர் கிளம்பும் மதுரைக்காரர்கள் முதலில் கேட்பது, எதெதைப் பார்க்கலாம் என்பதைத்தான். அதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். பிள்ளை எத்தனை மணிக்கு எழுந்திருக்கும், எத்தனை மணிக்குத் தூங்கும் என்று முதலில் முடிவு செய்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக அமைந்துவிடும்.

சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. மதுரையில் காலை ஏழு மணிக்கு எழுகிற பிள்ளை அங்கே ஒன்பதரைக்குத்தான் கண் விழிக்கும். இங்கே மதியம் ஒரு மணிக்குத் தூங்கினால் அங்கே மூன்றரைக்குத் தூங்கும். இரவு ஒன்பதுக்குப் படுப்பது அங்கே பதினொன்றரை ஆகிவிடும். நான்கைந்து நாள் பயணத்துக்காக இதை மாற்ற முயலாதீர்கள். பாதி நாளாவது அழுகையில் போகும், மாறி முடிவதற்குள் ஊருக்குத் திரும்பும் நாள் வந்துவிடும். பிள்ளையின் மதுரை நேரத்தை அப்படியே வைத்துக்கொள்வதுதான் நல்லது.

இதற்குச் சூரியனும் ஒத்துழைக்கிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சிங்கப்பூரில் வருடம் முழுக்கச் சூரியன் காலை ஏழு மணியை ஒட்டி உதித்து மாலை ஏழு மணியை ஒட்டி மறைகிறது. உச்சிப் பொழுது ஒரு மணிக்குத்தான். அங்கே காலை பத்து மணி வெயில், நம் ஊர் ஒன்பது மணி வெயில் மாதிரி. ஒரு மணியிலிருந்து நான்கு வரைதான் புழுக்கம் தாங்காது. இடி மழை வந்தாலும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வரும். நம் பிள்ளைக்கு மதியத் தூக்கம் வருவதும் அதை ஒட்டித்தான். பிள்ளைகளுக்குப் பிடித்த இலவச விஷயங்கள் பலவும் இருட்டிய பிறகுதான் தொடங்குகின்றன.

ஆகவே ஒரு நாள் இப்படி: காலை பத்து மணிக்குக் கிளம்பி ஓர் இடம். இரண்டரைக்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள். குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, தூங்க வையுங்கள். ஐந்தரைக்கு மேல் வெளியே போய்ப் பத்தரை வரை சுற்றுங்கள். காலையில் ஓர் இடம், மாலையில் ஓர் இடம், அதற்கு மேல் வேண்டாம்.

ஊரில் விற்கும் தொகுப்புச் சுற்றுலாக்களில் சிக்கல் வருவது இங்கேதான். ஓட்டல் வாசலில் காலை எட்டு மணிக்குப் பேருந்து என்பார்கள். பிள்ளைக்கு அது விடியற்காலை ஐந்தரை. வண்டியில் அரைத் தூக்கம், இறங்கினால் அழுகை, மெர்லயன் சிலை முன்னால் பத்து நிமிடம், மறுபடி வண்டி. பெரியவர்கள் மட்டும் போனால் அந்தத் தொகுப்பு மலிவுதான். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் விசாவையும் டிக்கெட்டையும் மட்டும் அவர்களிடம் எடுத்துக்கொண்டு மற்றதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ் அங்கே நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்று. வழி கேட்க ஆள் கிடைக்கும்.

எப்போது போவது

முழு ஆண்டு விடுமுறையில் போவதானால் மே மாதத்தின் முதல் மூன்று வாரங்கள். சிங்கப்பூர்ப் பள்ளிகளின் பெரிய விடுமுறை மே கடைசியில் தொடங்கி ஜூன் முழுக்க ஓடும். அது தொடங்கிவிட்டால் எங்கே போனாலும் வரிசை. காலாண்டு விடுமுறையும் பரவாயில்லை, தீபாவளிக்காகத் தேக்கா (லிட்டில் இந்தியா) முழுக்க விளக்கு அலங்காரம் போட்டிருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் ஃபார்முலா ஒன் கார் பந்தயம் நடக்கும். அந்த வார இறுதியில் அறை வாடகை எகிறும், மரினா பே பக்கம் சாலைகளை அடைப்பார்கள். தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். சில வருடம் இதே மாதங்களில் பக்கத்து நாட்டுக் காட்டுத்தீப் புகை வந்து சூழும், வீசிங் உள்ள பிள்ளையானால் யோசிக்க வேண்டும். அரையாண்டு விடுமுறையைத் தவிர்த்துவிடுங்கள். டிசம்பரில் மழையும் கூட்டமும் சேர்ந்து வரும், டிக்கெட் விலையும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும்.

காகிதங்கள்

பிள்ளையின் பாஸ்போர்ட்டில் தாமதம் ஆவது பெரும்பாலும் பாஸ்போர்ட் அலுவலகத்தால் இல்லை, பிறப்புச் சான்றிதழால்தான். நம் பக்கம் பிறந்தவுடன் பதிவு செய்துவிடுவோம், பெயர் வைக்காததால் பெயர் இடம் காலியாக இருக்கும். ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகு தாமதக் கட்டணம் கட்டி 15 வயது வரை சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1-ஆம் தேதியும் அதற்குப் பிறகும் பிறந்த பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிக்கான ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழை மட்டுமே ஏற்கிறார்கள். எனவே சான்றிதழில் பெயர் ஏறிய பிறகுதான் மற்ற வேலையைத் தொடங்க முடியும்.

சிறார் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் புதிதாக எடுத்தால் அதில் 10 சதவீதம் தள்ளுபடி. இணைப்பு 'டி' என்ற உறுதிமொழிப் படிவத்தில் அப்பா அம்மா இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். நான்கு வயதுக்குக் கீழ் என்றால் வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படத்தைக் கையில் கொண்டுபோக வேண்டும். மற்றவர்களை அங்கேயே படம் எடுத்துக்கொள்வார்கள். சிறார் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான். சிங்கப்பூருக்குள் நுழைய ஆறு மாதமாவது செல்லுபடி மீதம் இருக்க வேண்டும். அப்பா அம்மாவின் பத்து வருடக் கணக்கில் பிள்ளையுடையதை மறந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது இனிஷியல் தொல்லை. பிள்ளையின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் எழுதியிருப்பதும், அப்பாவின் பாஸ்போர்ட்டில் அவர் பெயர் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். சர்நேம் காலியாக உள்ளவர்கள் டிக்கெட் எடுக்கும்போது விமான நிறுவனம் சொல்கிற முறைப்படியே பெயரைப் போடுங்கள். குடும்பத்தில் ஒருவருக்கு ஒரு மாதிரியும் இன்னொருவருக்கு வேறு மாதிரியும் போட்டால் கவுண்டரில் நிற்க வைத்துவிடுவார்கள், இடுப்பில் தூங்குகிற பிள்ளையோடு.

விசா எல்லோருக்கும் தனித்தனி, மடியில் உட்காரும் குழந்தைக்கும் சேர்த்து. அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் வெள்ளி (டாலரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்). மறுத்தாலும் திரும்ப வராது. முகவர் தன் கூலியை மேலே போடுவார், அதைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 14ஏ என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் பிள்ளைக்காகப் பெற்றோர் கையெழுத்து. இதற்கு மேல், போய் இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். ஆளுக்கொன்று, குழந்தைக்கும் உண்டு. சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையின் தளத்தில் அது இலவசம். தேடினால் முதலில் வருகிற பல தளங்கள் இதற்குப் பணம் கேட்கும், அவை அரசுத் தளங்கள் அல்ல.

விமானம்

மதுரையிலிருந்தே நேராகப் போகிற விமானம் உங்கள் தேதியில் இருந்தால், கொஞ்சம் விலை கூட என்றாலும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் திருச்சி. அங்கிருந்து சிங்கப்பூருக்கு விமானங்கள் அதிகம். மதுரையிலிருந்து காரில் சுமார் இரண்டரை மணி நேரம். சென்னை போய் மாறுவது பெரியவர்களுக்குச் சரி, பிள்ளைகளோடு வேண்டாத வேலை.

பறப்பது ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான். சிக்கல் எந்த நேரத்தில் பறக்கிறோம் என்பதில். நள்ளிரவை ஒட்டிய விமானம் மலிவாக இருக்கும். இரவு பதினொன்றரைக்கு ஏறினால் அங்கே காலை ஆறு மணிக்கு இறங்குவீர்கள். ஓட்டல் அறை மதியம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் தருவார்கள். நடுவில் எட்டு மணி நேரம் தூக்கமில்லாத பிள்ளையோடு எங்கே போவீர்கள்? ஒன்று பகல் விமானமாகப் பாருங்கள், அல்லது முந்தின இரவுக்கும் சேர்த்து அறைக்குப் பணம் கட்டிவிடுங்கள். விமானத்தில் மிச்சம் பிடித்த காசு அறை வாடகையில் போனாலும் முதல் நாள் பிழைக்கும்.

இரண்டு வயது நிறையாத குழந்தை மடியில் உட்காரலாம். போகும்போது ஒன்றே முக்கால் வயது, திரும்புவதற்குள் இரண்டு முடிந்துவிடும் என்றால் திரும்பும் பயணத்துக்கு இருக்கை எடுத்தாக வேண்டும். திரவத்துக்கான 100 மில்லி கட்டுப்பாடு பயணத்துக்குத் தேவையான குழந்தைப் பாலுக்கும் உணவுக்கும் கிடையாது. சோதனையில் தனியாக எடுத்துக் காட்டுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும். கைக்குழந்தைக்குப் பால், பெரிய பிள்ளைக்கு உறிஞ்சுகிற மாதிரி ஏதாவது. விமானம் கீழே இறங்கத் தொடங்குவது தரையைத் தொடுவதற்கு அரை மணி நேரம் முன்பே. சக்கரம் இறங்குகிற சத்தம் கேட்டபிறகு பாட்டிலைத் தேடினால் பிந்திவிட்டது. தூங்குகிற பிள்ளை விழுங்குவது குறைவு என்பதால் அதற்குத்தான் வலி அதிகம். லேசாக எழுப்பிக் குடிக்கக் கொடுப்பது நல்லது.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் தானியங்கி வாசல்களைப் பார்த்து அதில் போய் நிற்காதீர்கள். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் குடும்பம் மொத்தமும் ஆள் உட்கார்ந்திருக்கும் கவுண்டருக்குப் போங்கள்.

பெட்டியில் என்ன கூடாது

கசகசா. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். வீட்டில் அரைத்த குருமாப் பொடி, கறி மசாலா எதிலாவது கசகசா இருந்தால் எடுக்காதீர்கள். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, சத்துமாவு இவற்றால் தொந்தரவு இல்லை. இறைச்சியும் முட்டையும் கூடாது. சூயிங் கம் 1992 முதல் தடை. புகையிலைப் பாக்கு, பான் மசாலா, மின்சிகரெட் எதுவும் கூடாது. கூட வருகிற தாத்தாவின் பையையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். கோடின் கலந்த இருமல் மருந்துக்கு அனுமதி தேவைப்படலாம். பிள்ளைக்கு வழக்கமாகக் கொடுக்கும் காய்ச்சல் மருந்து, ஓஆர்எஸ், வாந்தி மாத்திரை போன்றவற்றை மருத்துவர் சீட்டோடு எடுத்துப் போங்கள்.

டயப்பரைப் பெட்டி நிறைய அடைக்க வேண்டாம், இரண்டு நாளைக்கு வேண்டியது போதும். ஃபேர்பிரைஸ் சூப்பர்மார்க்கெட் கடைகளில் எல்லா அளவும் கிடைக்கும். பாலும் அங்கேயே. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், கேன் தண்ணீர் தேடி அலைய வேண்டியதில்லை. மின்பிளக் மட்டும் வேறு: மூன்று செவ்வகக் கால் உள்ளது. நம் உருண்டைக் கால் பிளக் அதில் நுழையாது. மின்னழுத்தம் ஒன்றுதான் என்பதால் ஊரிலேயே அடாப்டர் வாங்கினால் போதும். பால் சுட வைக்கும் கெட்டிலை நம்பி ஒரே ஒரு அடாப்டரோடு போனால் இரவில் கைப்பேசிக்கும் கெட்டிலுக்கும் சண்டை நடக்கும். இரண்டு எடுங்கள்.

ஸ்ட்ரோலர் வேண்டுமா

வேண்டும், ஐந்து வயதுப் பிள்ளைக்கும். ஊரில் ஸ்ட்ரோலரில் உட்கார்ந்தே பார்க்காத பிள்ளையாக இருக்கலாம். ஊரில் அதற்குத் தேவை இல்லை, வாசலில் பைக்கில் ஏறினால் போகிற இடத்து வாசலில்தான் இறங்குகிறோம். நடைபாதையே இல்லாத தெருவில் ஸ்ட்ரோலரை எங்கே தள்ளுவது? சிங்கப்பூரில் நிலைமை நேர் எதிர். ரயில் மாறுவதற்கே சுரங்கப் பாதையில் பத்து நிமிடம் நடக்க வேண்டியிருக்கும். பார்க்கப் போன இடத்துக்குள் இரண்டு, மூன்று கிலோமீட்டர். நடந்து பழகாத பிள்ளை முதல் நாள் மாலைக்குள் தூக்கச் சொல்லிக் கையை நீட்டும். பதினாறு கிலோவை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் புழுக்கத்தில் நடந்தால் மறுநாள் எழுந்திருக்க முடியாது.

ஒரே கையில் மடங்குகிற, ஏழு கிலோவுக்குள் எடை உள்ள, கூரை பெரிதாக உள்ள வண்டி போதும். பெரிய வண்டி வேண்டாம். மழை உறை கட்டாயம். பெரும்பாலான விமானங்களில் விமானக் கதவு வரை தள்ளிக்கொண்டு போய்க் கொடுக்கலாம். இறங்கும்போது அங்கேயே திரும்பத் தருவார்களா, சாமான் பெல்ட்டில் வருமா என்பதை ஏறும்போதே கேளுங்கள்.

எம்ஆர்டி எனப்படும் நகர ரயிலின் நிலையங்கள் எல்லாவற்றிலும் லிஃப்ட் உண்டு, ஆனால் அது எஸ்கலேட்டர் பக்கத்தில் இருக்காது. தெருவிலிருந்து டிக்கெட் தளத்துக்கு ஒரு லிஃப்ட், அங்கிருந்து நடைமேடைக்கு இன்னொன்று. தெருவில் எந்த வாசலில் லிஃப்ட் என்று பலகை காட்டும். கிடைத்த வாசலில் இறங்கிவிட்டுத் தேடக் கூடாது. எஸ்கலேட்டரில் வண்டியை ஏற்றாதீர்கள். அங்கே எஸ்கலேட்டர் நம் ஊர் மால்களில் உள்ளதைவிட வேகம். டிக்கெட் வாசலில் அகலமானது ஒன்று இருக்கும், அதுதான் உங்களுக்கு. நகரப் பேருந்திலும் 2017 முதல் ஸ்ட்ரோலரை மடக்காமலே ஏற்றலாம்.

கட்டணத்துக்குத் தனி டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் செல்லும்படி செய்து வைத்த, தொட்டுச் செலுத்தும் வங்கி அட்டையையே வாசலில் வைக்கலாம். ஆளுக்கொரு அட்டை வேண்டும், ஒரே அட்டையில் இரண்டு பேர் நுழைய முடியாது. 90 செ.மீ. உயரத்துக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் கட்டணம் இல்லை. அதைத் தாண்டி ஏழு வயதுக்குள் இருந்தால் குழந்தைகளுக்கான இலவச அட்டை இருக்கிறது, பாஸ்போர்ட்டைக் காட்டிக் கவுண்டரில் கேட்டுப் பாருங்கள். ரயிலுக்குள் சாப்பிடவும் குடிக்கவும் கூடாது, அபராதம் 500 வெள்ளி வரை போகும். அழுகிற பிள்ளைக்கு பிஸ்கட் கொடுப்பதென்றால் வாசலுக்கு வெளியிலேயே முடித்துவிட்டு உள்ளே போங்கள்.

கார் விஷயத்தில் ஒரு சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 1.35 மீட்டருக்குக் குறைவான உயரம் உள்ளவர்களுக்குக் காரில் குழந்தை இருக்கை கட்டாயம். டாக்சிக்கு மட்டும் விலக்கு. கிராப் போன்ற செயலியில் வருகிற தனியார் கார்களுக்கு விலக்கு இல்லை, அதனால் பிள்ளையைப் பார்த்ததும் ஓட்டுநர் ஏற்ற மறுத்துவிடுவார். செயலியில் குடும்பத்துக்கான, இருக்கையோடு வரும் வண்டியைத் தேர்ந்தெடுங்கள், அல்லது டாக்சி வரிசையில் நில்லுங்கள். நான்கு பேருக்கு மேல் ஒரு சாதாரண டாக்சியில் ஏற்ற மாட்டார்கள். மடியில் இருக்கும் குழந்தையும் ஓர் ஆள்தான்.

எங்கே தங்குவது

தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில். சாப்பாட்டுக்காக மட்டும் சொல்லவில்லை, ரயில் தடத்துக்காகவும்தான். லிட்டில் இந்தியா நிலையத்தில் இரண்டு தடங்கள் சேர்கின்றன. டவுன்டவுன் தடத்தில் ஒரு பக்கம் போனால் நான்காவது நிலையம் பேஃபிரண்ட், கார்டன்ஸ் பை த பே என்ற பெரிய பூங்கா அங்கே. எதிர்ப் பக்கம் போனால் மூன்றாவது நிலையம் தாவரவியல் பூங்கா. வடகிழக்குத் தடத்தில் ஐந்தாவது நிலையம் ஹார்பர்ஃபிரண்ட், அதுதான் செந்தோசாத் தீவுக்கு வாசல். மூன்றுக்கும் ரயில் மாற வேண்டாம். மாலை ஐந்தரைக்கு ரயில் நெரிசல் என்று பயமுறுத்துவார்கள். கூட்டம் பெரும்பாலும் நகரத்திலிருந்து வெளியே போகிற ரயிலில்தான், பேஃபிரண்ட் போகிற நீங்கள் எதிர்த் திசை. சிங்கப்பூரின் பெரிய பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையான கேகே அதே நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது, 24 மணி நேரமும் குழந்தைகள் அவசரப் பிரிவு உண்டு. ஆம்புலன்ஸ் எண் 995.

தேக்காவின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மலிவான ஓட்டல்களில் பல அறைகளுக்கு ஜன்னலே கிடையாது. பதிவு செய்யும்போது 'ஜன்னல் உண்டு' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மதியத் தூக்கத்துக்கு இருட்டு அறை வசதிதான், ஆனால் மூன்று நாள் தாண்டினால் பெரியவர்களுக்கு மூச்சு முட்டும். அறை சின்னது, நம் ஊர் மாதிரி கூடுதல் மெத்தை போட இடம் இருக்காது. மூன்று பேர் அறை என்று கேட்டு எடுங்கள், பிள்ளைகளின் வயதையும் சொல்லிவிடுங்கள். கடைகளின் முன்னால் உள்ள தாழ்வாரத்தில் படியும் மேடு பள்ளமும் சரக்கு மூட்டையும் இருக்கும், ஸ்ட்ரோலர் தள்ள அது சரிப்படாது. ஞாயிறு மாலையில் வார விடுப்பில் வரும் தொழிலாளர்களால் தெரு நிரம்பிவிடும். சித்திரைத் திருவிழாக் கூட்டம் பழகியவர்களுக்கு அது ஒன்றும் பயமில்லை, ஆனால் வண்டியோடு போக வழி கிடைக்காது. அந்த மாலையை வேறு பக்கம் கழியுங்கள்.

கூட அப்பத்தாவோ அம்மாச்சியோ வருவதாக இருந்தால் அழைத்துப் போங்கள். மதியம் பிள்ளை தூங்கும்போது ஒரு பெரியவர் அறையில் இருந்தால் மற்றவர்கள் முஸ்தபாவுக்குப் போய் வரலாம். அந்தக் கடைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகவே கூடாது.

சாப்பாடு பற்றி நீட்ட வேண்டியதில்லை, இட்லி, தோசை, தயிர் சோறு எல்லாம் நடக்கிற தூரத்தில். 1947-இல் தொடங்கிய கோமளவிலாஸ் சிராங்கூன் சாலையில் இன்னும் இருக்கிறது. உணவங்காடிகளில் சைவம் என்று நினைத்து வாங்குகிற பொரித்த சோற்றிலும் நூடுல்ஸிலும் இறால் விழுது சேர்ந்திருக்கலாம், கேட்டு வாங்குங்கள். மேசையில் டிஷ்யூ பாக்கெட் ஒன்று மட்டும் கிடந்தால் அந்த இடத்தை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும், வைக்காவிட்டால் அபராதம் வரலாம்.

கழிப்பறை எங்கும் கிடைக்கும், சுத்தமாகவும் இருக்கும். தண்ணீர்க் குழாய்தான் பல இடங்களில் இல்லை, வெறும் காகிதம். ஒரு சின்ன பாட்டிலோ மூக்கு வைத்த மூடியோ பையில் இருக்கட்டும். மால்களில் தாய்ப்பால் கொடுக்கும் அறை தேடுங்கள். டயப்பர் மாற்றும் மேசை இருக்கும், பல இடங்களில் பால் கலக்க வெந்நீரும் வரும்.

இனி, எதைப் பார்ப்பது

கார்டன்ஸ் பை த பே மாலைக்கானது. உள்ளே குழந்தைகள் பூங்கா இலவசம், தண்ணீர் பீச்சுகிற விளையாட்டுத் திடல் உண்டு. ஆறரை மணிக்கு மேல் உள்ளே விட மாட்டார்கள். திங்கட்கிழமை மூடியிருக்கும். இந்தத் திங்கட்கிழமையில் ஏமாறுகிறவர்கள் ஏராளம், ஏனென்றால் வெள்ளி இரவு கிளம்பி வார இறுதியைத் தாண்டித் தங்குகிறவர்களுக்குத் திங்கள்தான் கூட்டமில்லாத நாள் என்று தோன்றும். பேஃபிரண்ட் நிலையத்திலிருந்து அங்கே போக நடை அதிகம். மாற்று உடுப்பும் துண்டும் கட்டாயம். நனைந்த உடுப்போடு ஏசி ரயிலில் ஏறினால் பிள்ளை குளிரில் நடுங்கும். இடி எச்சரிக்கை வந்தால் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். அன்று வாசலில் கெஞ்சிப் பயனில்லை, மறுநாள் வாருங்கள். குளித்து முடித்துச் சாப்பிட்டால், உயரமான செயற்கை மரங்களுக்குக் கீழே 7.45-க்கும் 8.45-க்கும் ஒளியும் பாட்டும் நடக்கும், அதுவும் இலவசம். தரையில் விரிப்பு போட்டுப் பிள்ளையைப் படுக்க வைத்துக் காட்டுங்கள். பிள்ளையின் கணக்கில் அது சாயங்காலம் ஐந்தேகாலும் ஆறேகாலும்தான், தூங்கி வழியாமல் பார்க்கும்.

தாவரவியல் பூங்காவில் உள்ள ஜேக்கப் பாலஸ் குழந்தைகள் தோட்டம் காலைக்கு நல்லது. இலவசம், இதுவும் திங்கள் விடுமுறை. பிள்ளை இல்லாமல் பெரியவர்களை உள்ளே விட மாட்டார்கள் என்பதால் அமைதியான இடம். மரத்தடி நிழல், மண், சின்ன ஓடை. சிங்கப்பூரிலேயே காசு கொடுக்காமல் பிள்ளை இரண்டு மணி நேரம் சந்தோஷமாக இருக்கும் இடம் இதுதான் என்பது என் கட்சி.

மண்டாய் விலங்குப் பூங்காவுக்கு ஒரு காலை முழுக்க ஒதுக்குங்கள், அன்றைக்கு மதியத் தூக்கம் ஸ்ட்ரோலரில்தான். மூன்று வயதுக்குள் கட்டணம் இல்லை. லிட்டில் இந்தியாவிலிருந்து நியூட்டனில் மாறிக் காதிப் நிலையம், அங்கிருந்து பூங்காவின் இணைப்புப் பேருந்து. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போகும்போது டாக்சியும் வரும்போது ரயிலுமாக வைத்துக்கொண்டால் பிள்ளையின் தெம்பு பூங்காவுக்குள் செலவாகும். பக்கத்திலேயே பறவைகளுக்கான பேர்ட் பாரடைஸ் 2023-இல் திறந்தது. பழைய ஜூரோங் பறவைப் பூங்கா அதே வருடம் மூடிவிட்டது. அந்தப் பெயர் இன்னும் பட்டியலில் உள்ள தொகுப்பைக் கொடுத்தால், அதைத் தயாரித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று புரிந்துகொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டையும் பார்க்க முடியாது. நைட் சஃபாரி இருட்டிய பிறகுதான் தொடங்கும். மற்ற ஊர்ப் பிள்ளைகள் அதில் தூங்கிவிடும், மதுரை நேரத்தில் இருக்கும் பிள்ளை விழித்திருக்கும். நான்கு வயதுக்கு மேல் என்றால் போகலாம், அதற்குக் கீழே இருட்டைக் கண்டு பயப்படும்.

செந்தோசாவுக்கு விவோசிட்டி மாலின் மூன்றாவது தளத்திலிருந்து ரயில், உள்ளே போக 4 வெள்ளி, திரும்பக் கட்டணம் இல்லை. பலகை நடைபாதை வழியாக நடந்தும் போகலாம், அது இலவசம். கடற்கரை மாலைக்கு. அலை இல்லாத கடல், ராமேசுவரம் அக்னி தீர்த்தக் கரை போலச் சின்னப் பிள்ளைக்குப் பயமில்லை. யுனிவர்சல் ஸ்டுடியோஸ் நான்கு வயதுக்குக் கீழே இலவசம் என்பதை வைத்து மயங்காதீர்கள். உயர அளவு காரணமாக முக்கியமான சவாரிகளில் சின்னப் பிள்ளையை ஏற்ற மாட்டார்கள், பெரியவர்கள் டிக்கெட்டோ விலை கூடுதல். ஏழெட்டு வயது ஆனபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மெர்லயன் பத்து நிமிட வேலை. வெயிலில் போகாதீர்கள்.

திரும்பும் நாள்

காலை பதினொன்று, பன்னிரண்டுக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், விமானம் இரவில் இருக்கும். பெட்டிகளை ஓட்டலிலேயே வைத்துவிட்டு ஊர் சுற்றலாம் என்ற எண்ணம் பிள்ளைகளோடு பலிக்காது, மதியம் மூன்றரைக்குத் தூங்க வைக்க இடம் இல்லாமல் போய்விடும். மாலை வரை அறையை நீட்டித்துக் கேளுங்கள், அரை நாள் வாடகை வாங்கிக்கொண்டு சில ஓட்டல்கள் தரும். தராவிட்டால் மதியமே சாங்கிக்குப் போய்விடுவது உத்தமம். ஜூவல் கட்டடத்தில் பெட்டி வைக்க இடம் உண்டு, 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும் செயற்கை அருவியைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம், ஏசியில் ஸ்ட்ரோலரிலேயே பிள்ளை தூங்கும். அங்கே நல்ல குளிர் இருப்பதால் ஒரு போர்வை வெளியே எடுத்து வையுங்கள்.

ஒரே கடையில் 100 வெள்ளிக்கு மேல் வாங்கியிருந்தால் 9 சதவீத வரியைத் திரும்பக் கேட்கலாம். வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டியிருக்க வேண்டும். பொருள் பெரிய பெட்டிக்குள் இருந்தால், பெட்டியை ஒப்படைப்பதற்கு முன் அதற்கான இயந்திரத்தில் பதிவு செய்ய வேண்டும், ஒப்படைத்தபின் முடியாது.

இரவு விமானம் திருச்சியில் இறங்கும்போது நம் நேரத்தில் இரண்டரை மணி நேரம் திரும்பக் கிடைத்துவிடும், பிள்ளையின் தூக்கம் கெடாது. காரை முன்பே சொல்லி வையுங்கள், ஓட்டுநரின் எண் இந்திய சிம் போட்ட கைப்பேசியில் இருக்கட்டும். சிங்கப்பூர் சிம் மாட்டிய கைப்பேசியில் மட்டும் சேமித்து வைத்துவிட்டு, நள்ளிரவில் வெளிவாசலில் நின்று சிம்மைக் குத்தி எடுக்கும் ஊசியைத் தேடுகிறவர்களைத் திருச்சியில் அடிக்கடி பார்க்கலாம்.